குதிரை ஜி5-க்குப் பாய்ந்தால்: இரு குதிரைத் தற்காப்பைக் கறுப்பில் ஆட ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரையில் கோடை விடுமுறை விட்டதும் பள்ளி அரங்குகளில் வயது வரம்புச் சதுரங்கப் போட்டிகள் வரிசைகட்டி வரும். அப்படி ஒரு போட்டியின் முதல் இரண்டு சுற்றுகளில் சிறுவர் பிரிவு மேசைகளை ஒரு வலம் வந்து பாருங்கள். நான்காவது நகர்விலேயே வெள்ளைக் குதிரை ஒன்று ஜி5 கட்டத்தில் வந்து நிற்கும் பலகை எப்படியும் கண்ணில் படும். எதிரில் கறுப்பில் ஆடும் குழந்தைக்கு முகம் வாடிவிடும். சற்று நேரத்தில் அந்தக் குழந்தை ராஜாவைச் சாய்த்துவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் டிபன் டப்பாவோடு காத்திருக்கும் அம்மாவிடம் போய் நிற்கும்.

அந்தக் குழந்தைக்காகவும், அதைப் பஸ் ஏற்றிக் கூட்டிவரும் பெற்றோருக்காகவும் எழுதியது இது. காய்கள் எப்படி நகரும், காஸ்லிங் எப்படிச் செய்வது என்று தெரிந்திருந்தால் போதும். பலகையையும் காய்களையும் எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். கண்ணால் மட்டும் படித்தால் ஐந்தாவது நகர்வுக்குமேல் எதுவும் மனதில் நிற்காது.

குறியீடு இப்படி: வெள்ளை ஆடுபவரின் இடக்கைப் பக்கமிருந்து நெடுவரிசைகள் ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச். வெள்ளையின் பக்கமிருந்து குறுக்குவரிசைகள் 1 முதல் 8 வரை. ஆகவே வெள்ளை ராஜா முதலில் நிற்பது இ1. கறுப்பு ராஜா நிற்பது இ8. எண்ணுக்குப் பின் முதலில் வருவது வெள்ளையின் நகர்வு, அடுத்தது கறுப்பின் நகர்வு. எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி இருந்தால் அது கறுப்பின் நகர்வு.

படி 1: தாக்குதல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

1. சிப்பாய் இ4, சிப்பாய் இ5
2. குதிரை எஃப்3, குதிரை சி6
3. பிஷப் சி4, குதிரை எஃப்6

கறுப்பின் இரண்டு குதிரைகளும் வெளியே வந்துவிட்டன. இதற்குத்தான் இரு குதிரைத் தற்காப்பு என்று பெயர். வெள்ளையின் மூன்றாவது நகர்வுவரை இது இத்தாலியத் தொடக்கம். இன்றும் உலகின் உச்சிப் போட்டிகளில் ஆடப்படுவது.

4. குதிரை ஜி5

இப்போது எஃப்7 கட்டத்தைப் பாருங்கள். ஆட்டத்தின் தொடக்கத்தில் அந்தச் சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர வேறு காவல் கிடையாது. சி4 பிஷப் சாய்வாக அதைக் குறிவைக்கிறது. ஜி5 குதிரையும் அதையே குறிவைக்கிறது. குதிரை எஃப்7-இல் இறங்கினால் ராணியையும் எச்8 யானையையும் ஒரே நேரத்தில் தாக்கும்.

இந்தத் தாக்குதல் பழையது. இத்தாலியரான ஜூலியோ சேசரே பொலேரியோ 16-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதை ஆராய்ந்து எழுதிவைத்தார். ஜெர்மன் மேதை சீக்பர்ட் டாராஷ் இதைக் கற்றுக்குட்டிகளின் நகர்வு என்று எள்ளினார். ஆனால் முதல் உலகச் சாம்பியன் ஸ்டைனிட்ஸும் பின்னாளில் உலகச் சாம்பியனான பாபி ஃபிஷரும் இதே நகர்வை ஆடியிருக்கிறார்கள். எனவே எதிரில் இருப்பவர் குதிரையை ஜி5-இல் வைத்ததும் புன்னகைக்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

படி 2: பிஷப்பின் வழியை மறியுங்கள்

4... சிப்பாய் டி5

எஃப்7-ஐ நேரடியாகக் காக்க நல்ல வழி இல்லை. ஆகவே பிஷப்பின் பார்வையை மறிக்கிறோம். சிப்பாய் வெட்டுப்படும், படட்டும்.

5. இ4 சிப்பாய் டி5-ஐ வெட்டுகிறது

நான்காவது நகர்வில் டி5-க்குப் பதில் பிஷப்பை சி5-இல் வைத்து, எஃப்7-ஐக் கண்டுகொள்ளாமல் எதிர்த்தாக்குதலில் இறங்கும் ட்ராக்ஸ்லர் முறை ஒன்று உண்டு. யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு வரும் சிறுவர்கள் அதை மிகவும் விரும்புகிறார்கள். வெள்ளை குதிரையால் வெட்டினால் கறுப்பு வாணவேடிக்கை காட்டலாம் என்பது உண்மைதான். ஆனால் வெள்ளை நிதானமாகப் பிஷப்பால் எஃப்7-ஐ வெட்டி செக் வைத்துவிட்டுப் பின்வாங்கினால், கறுப்புக்கு ஒரு சிப்பாய் குறைவு, ராஜாவுக்குக் காஸ்லிங்கும் இல்லை. வீட்டில் தம்பியோடு ஆட நல்லது. மதிப்பீட்டு (ரேட்டிங்) போட்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 3: குதிரையால் வெட்டாதீர்கள்

எங்கள் ஊர்ப் போட்டிகளில் இந்தத் தொடக்கத்தில் விழும் பிள்ளைகளில் பெரும்பாலோர் விழுவது இங்கேதான். டி5-இல் ஒரு சிப்பாய் நிற்கிறது; எஃப்6 குதிரையால் அதை வெட்டலாம். போன சிப்பாய் திரும்பக் கிடைக்கும், கணக்கு சமனாகும். கை தானாகவே குதிரையிடம் போகும்.

5... குதிரை டி5-ஐ வெட்டுகிறது
6. குதிரை எஃப்7-ஐ வெட்டுகிறது, ராஜா அந்தக் குதிரையை வெட்டுகிறது
7. ராணி எஃப்3, செக்

ராணி ராஜாவுக்கு செக் வைத்துக்கொண்டே டி5 குதிரையையும் தாக்குகிறது. குதிரையைக் காக்க வேண்டுமென்றால் ராஜா இ6-க்கு வர வேண்டும், அதாவது பலகையின் நடுவுக்கு. மாறாக ஜி8-க்கு ஓடினால் பிஷப் டி5-ஐ வெட்டி செக் வைக்கும். இரண்டு மூன்று நகர்வில் மேட். ராஜா இ6-க்கு வந்ததும் வெள்ளை 8. குதிரை சி3 ஆடி டி5-இன்மேல் மூன்றாவது காயை ஏவுகிறது. ஃப்ரைட் லிவர் தாக்குதல் என்று பெயர்பெற்றது இதுதான்.

கணினியிடம் கேட்டால் இன்னும் ஆட்டம் முடியவில்லை என்று சொல்லக்கூடும். அந்த ராஜாவை நடுப்பலகையில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு நகர்வு துல்லியமாக ஆட பதினோரு வயதுப் பிள்ளையால் முடியாது; எனக்கும் முடியாது. போதாக்குறைக்கு, 6-ஆவது நகர்வில் குதிரையைப் பலிகொடுக்காமல் சிப்பாயை டி4-க்குத் தள்ளினாலும் வெள்ளைக்கு வலுவான தாக்குதல் கிடைக்கிறது. இந்த வழியை அடியோடு மறந்துவிடுங்கள்.

படி 4: குதிரையை ஏ5-க்கு அனுப்புங்கள்

5... குதிரை ஏ5

சி6 குதிரை ஓரத்துக்குப் போகிறது. குதிரையை ஓரத்தில் வைக்காதே என்று எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்லித்தருகிறார்கள், நானும் சொல்கிறேன். இங்கே விதிவிலக்கு எதற்காக என்றால், அது போகும்போதே சி4 பிஷப்பைத் தாக்குகிறது. வெள்ளை இப்போது எஃப்7-ஐ மறந்து பிஷப்பைக் கவனிக்க வேண்டும்.

6. பிஷப் பி5, செக், 6... சிப்பாய் சி6
7. டி5 சிப்பாய் சி6-ஐ வெட்டுகிறது. பி7 சிப்பாய் அதைத் திரும்ப வெட்டுகிறது

கணக்குப் பார்ப்போம். கறுப்பு இரண்டு சிப்பாய்களை இழந்திருக்கிறது, ஒன்றை வாங்கியிருக்கிறது. ஒரு சிப்பாய் நட்டம். அது திரும்பக் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. இந்த இடத்தில்தான் பெற்றோர்கள் என்னிடம் வருவார்கள்: சிப்பாயைக் கொடுத்து ஆடச் சொல்லித்தருகிறீர்களே, இது சரியா?

சரிதான். கோயில் மண்டபத் தரையிலும் திண்ணையிலும் ஆடுபுலி ஆட்டம் ஆடிப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். பதினைந்து ஆடுகளையும் காப்பாற்ற நினைப்பவர் மூன்று புலிகளில் ஒன்றைக்கூட அடைக்க மாட்டார். கொடுத்த சிப்பாய்க்குப் பதிலாக இங்கே நமக்குக் கிடைப்பது நேரம். அதை விரல்விட்டு எண்ணிப் பார்க்கலாம் என்பதுதான் இந்தத் தொடக்கத்தை நான் பிள்ளைகளுக்குத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம்.

படி 5: எட்டாவது நகர்வில் பிஷப் எங்கே போகிறது?

சி6 சிப்பாய் பி5 பிஷப்பைத் தாக்கிக்கொண்டு நிற்கிறது. வெள்ளை ஏதாவது செய்தாக வேண்டும். சாத்தியங்கள் சில, எல்லாவற்றுக்கும் ஒரே அளவு நேரம் செலவிட வேண்டியதில்லை.

அடிக்கடி வருவது 8. பிஷப் இ2. அதற்கு விடை 8... சிப்பாய் எச்6. ஜி5 குதிரை விரட்டப்படுகிறது. 9. குதிரை எஃப்3, சிப்பாய் இ4. மறுபடியும் அதே குதிரை விரட்டப்படுகிறது. இதன் தொடர்ச்சி அடுத்த இரண்டு படிகளில்.

குதிரை எஃப்3-க்குப் பதில் எச்3-க்குப் போவதும் உண்டு. 1890–91-இல் ஸ்டைனிட்ஸும் ருஷ்யரான சிகோரினும் தந்தி மூலம் இரண்டு ஆட்டங்கள் ஆடினார்கள். அவற்றில் ஒன்றில் ஸ்டைனிட்ஸ் 9. குதிரை எச்3 ஆடி, பிற்பாடு அந்தக் குதிரையை ஜி1-க்கே திருப்பிக்கொண்டுபோனார். வென்றவர் சிகோரின். அத்தோடு ஒதுக்கப்பட்ட இந்த நகர்வை 1963-இல் ஃபிஷர் தூசி தட்டி எடுத்து அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் பிஸ்கையரை வென்றார். உங்களுக்கு இது வந்தால் பிஷப்பை சி5-இல் வைத்துவிட்டு காஸ்லிங் செய்யுங்கள். ஆட்டம் நன்றாகவே இருக்கும்.

8. பிஷப் டி3 இப்போது பலரும் ஆடுவது. பார்க்க விகாரமான நகர்வு. வெள்ளை தன் டி2 சிப்பாயைத் தானே அடைத்துக்கொள்கிறது. ஆனால் குதிரைக்கு இ4 கட்டம் கிடைக்கிறது. 8... குதிரை டி5 ஆடுங்கள். குதிரை விலகியதும் உங்கள் ராணி ஜி5-ஐத் தாக்குகிறது. 9. குதிரை எஃப்3, பிஷப் டி6. வெள்ளை காஸ்லிங் செய்தால் உங்கள் குதிரை எஃப்4-இல் போய் உட்காரும்.

8. ராணி எஃப்3 கொஞ்சம் வில்லங்கமானது. சி6 சிப்பாயால் பிஷப்பை வெட்டினால், ராணி ஏ8 யானையை வெட்டிவிடும். 8... யானை பி8 ஆடி யானையை விலக்குங்கள். வெள்ளை சி6-இல் வெட்டி, காய்களை மாற்றிக்கொண்டு, இரண்டு சிப்பாய் முன்னிலைக்குப் போகலாம். ஆனால் வெள்ளை ராணி தனியாக அலையும், நீங்கள் அதைத் துரத்திக்கொண்டே காய்களை வெளியே எடுப்பீர்கள். இந்த யானை நகர்வுக்கு கோல்மன் என்பவரின் பெயர். சிங்கப்பூரில் இருந்த ஆங்கிலேய வழக்கறிஞரான அவர், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அவரை சாங்கியில் சிறைவைத்திருந்தபோது இதை ஆராய்ந்தார்.

ஆறாவது நகர்விலேயே செக் வைக்காமல் 6. சிப்பாய் டி3 என்று பிஷப்பைக் காப்பவர்களும் உண்டு. 6... சிப்பாய் எச்6, 7. குதிரை எஃப்3, சிப்பாய் இ4, 8. ராணி இ2, இப்போது குதிரையால் சி4 பிஷப்பை வெட்டிவிட்டு உங்கள் பிஷப்பை சி5-இல் வையுங்கள். அவ்வளவுதான்.

படி 6: ஓர் ஆட்டம், பதினான்கு நகர்வு

பள்ளி அரங்கொன்றில் நடந்த சிறுவர் போட்டியில், என்னிடம் பயிலும் ஒரு சிறுமி கறுப்பில் ஆடியது இது. எதிரில் அவளைவிட ஒரு வயது மூத்த பையன். அதற்குமுன் இரண்டு சுற்றுகளை எஃப்7-இல் வெட்டியே வென்றிருந்தான். முதல் ஒன்பது நகர்வுகள் மேலே பார்த்த பிஷப் இ2 வழியே. இ4 சிப்பாய் எஃப்3 குதிரையைத் தாக்குகிறது. அது போகக்கூடிய நல்ல கட்டம் இ5 மட்டுமே. டி4-க்கு வந்தால் கறுப்பு ராணி இலவசமாக வெட்டிவிடும். பையனுக்கு நடுப்பலகை பயமாக இருந்திருக்க வேண்டும்.

10. குதிரை ஜி1, பிஷப் சி5

இங்கே நிறுத்துங்கள். பலகையைப் பார்க்காமல் வெள்ளையின் பத்து நகர்வுகளை எண்ணுங்கள். குதிரை நான்கு முறை நகர்ந்தது: எஃப்3, ஜி5, எஃப்3, ஜி1. புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது. பிஷப் மூன்று முறை: சி4, பி5, இ2. மீதி மூன்றும் இ சிப்பாயின் நகர்வுகள். அந்தச் சிப்பாய் இப்போது பலகையிலேயே இல்லை. பத்து நகர்வுகளின் பலன் இ2-இல் ஒரு பிஷப், கூடுதலாக ஒரு சிப்பாய். கறுப்புக்கோ இரண்டு குதிரைகள், ஒரு பிஷப், எதிரியின் மூச்சை அடைக்கும் இ4 சிப்பாய், காஸ்லிங்குக்குத் தயாரான ராஜா. இதற்கு ஒரு சிப்பாய் மலிவான விலை.

11. குதிரை சி3

இயல்பாகத் தெரிந்தாலும் தவறான நகர்வு. சிப்பாயை சி3-இல் வைத்து டி4 கட்டத்தை அடைத்திருக்க வேண்டும்.

11... காஸ்லிங்

பிறகு ஆராய்ந்தபோது, உடனே 11... ராணி டி4 ஆடியிருந்தாலே ஒரு காய் கிடைத்திருக்கும் என்று கண்டோம். எஃப்2-இல் மேட் மிரட்டல். வெள்ளை எச்3-க்குக் குதிரையைக் கொண்டுவந்து காத்தால் சி8 பிஷப் அந்தக் குதிரையை வெட்டிவிடும். அவள் ராஜாவைப் பத்திரப்படுத்த விரும்பினாள். அந்தப் பழக்கத்தை நான் குறைசொல்ல மாட்டேன்.

12. சிப்பாய் எச்3

கறுப்புக் குதிரை ஜி4-க்கு வரக்கூடாது என்ற எண்ணம். ஆனால் எஃப்2-ஐக் காக்க ஜி1 குதிரைக்கு இருந்த ஒரே நல்ல கட்டம் எச்3. அதில் சொந்தச் சிப்பாயையே வைத்துவிட்டான். சிப்பாயை டி4-க்குத் தள்ளியிருந்தால் ஆட்டம் நீடித்திருக்கும்.

12... ராணி டி4

எஃப்2-ஐ ராணியும் பிஷப்பும் சேர்ந்து தாக்குகின்றன. காவலுக்கு ராஜா மட்டும். நான்காவது நகர்வில் கறுப்பின் எஃப்7 இருந்த நிலையில் இப்போது வெள்ளையின் எஃப்2 இருக்கிறது. எஃப் சிப்பாயை முன்னே தள்ளினாலும் ராணி எஃப்2-இல் இறங்கி மேட். சி3 குதிரையால் இ4-ஐ வெட்டினால் மேட் தள்ளிப்போகும், ஆனால் அந்தக் குதிரை போய்விடும். பையன் ராஜாவுக்கு ஒரு வழி திறக்கப் பார்த்தான்.

13. சிப்பாய் டி3, ராணி எஃப்2-ஐ வெட்டி செக்
14. ராஜா டி2, சிப்பாய் இ3, மேட்

கடைசி நகர்வைப் பலகையில் வைத்துச் சரிபாருங்கள். ராஜாவைச் சுற்றியுள்ள கட்டங்களில் வெள்ளையின் சொந்தக் காய்களே நெருக்கியடித்து நிற்கின்றன. காலியாக உள்ள இ1-ஐ ராணி பார்க்கிறது. இ3 சிப்பாயை ராஜா வெட்ட முடியாது. ராணியும் சி5 பிஷப்பும் அதைக் காக்கின்றன. சி1 பிஷப்பின் வழியில் ராஜாவே நிற்கிறது. ஓரத்துக்கு அனுப்பிய ஏ5 குதிரை அதற்குப்பின் ஒருமுறைகூட நகரவில்லை என்பதையும் கவனியுங்கள்.

படி 7: எதிரி சரியாக ஆடினால்

பதினான்கு நகர்வில் முடியும் ஆட்டங்கள் எப்போதும் கிடைக்காது. பத்தாவது நகர்வில் குதிரை இ5-க்கு வந்தால் பிஷப்பை டி6-இல் வைத்து அதைத் தாக்குங்கள். பெரும்பாலும் 11. சிப்பாய் டி4 வரும். உடனே இ4 சிப்பாயால் அதைப் போகிறபோக்கில் (ஆன் பாசான் முறையில்) வெட்டி டி3-இல் உட்காருங்கள். அந்த உரிமை அடுத்த நகர்வோடு போய்விடும் என்பதைச் சிறுவர்கள் மறந்துவிடுகிறார்கள். 11. சிப்பாய் எஃப்4 வந்தாலும் அப்படியே எஃப்3-இல் வெட்டலாம்.

12. குதிரை டி3-ஐ வெட்டுகிறது, ராணி சி7

இப்போது ராணியும் பிஷப்பும் எச்2 சிப்பாயை ஒரே சாய்வில் பார்க்கின்றன. வெள்ளை யோசிக்காமல் காஸ்லிங் செய்தால் பிஷப் எச்2-ஐ செக்கோடு வெட்டும். சிப்பாய்க் கணக்கு சமன். ஆகவே விவரமுள்ளவர் சிப்பாய் எச்3 ஆடிவிட்டுத்தான் காஸ்லிங் செய்வார். நீங்களும் காஸ்லிங் செய்யுங்கள். பிறகு சி8 பிஷப் எஃப்5-க்கு, யானைகள் டி8, இ8 கட்டங்களுக்கு, சி6 சிப்பாய் சமயம் பார்த்து சி5-க்கு. ஏ5 குதிரையைச் சும்மா விட்டுவிடாதீர்கள்; சி சிப்பாய் முன்னேறியதும் அது சி6 வழியாக உள்ளே வரலாம்.

இங்கே அவசரம் ஒரு கேடு, சோம்பல் அதைவிடப் பெரிய கேடு. நேரத்தில் நமக்குள்ள முன்னிலை நாலைந்து நகர்வில் கரைந்துபோகும். சிப்பாய் நட்டம் கரையாது. வெள்ளை எல்லாக் காய்களையும் வெளியே எடுத்து, ராணிகளையும் மாற்றிக்கொண்டுவிட்டால், நீங்கள் ஒரு சிப்பாய் குறைந்த கடையாட்டத்தை ஆட நேரும். ஆகவே, கட்டாயமோ தெளிவான லாபமோ இல்லாமல் ராணிகளை மாற்றாதீர்கள்.

படி 8: குதிரை ஜி5-க்கு வராவிட்டால்

4. சிப்பாய் டி3 என்றால் பிஷப்பை சி5-இலோ இ7-இலோ வைத்து காஸ்லிங் செய்யுங்கள். 4. குதிரை சி3 என்றால் துணிந்து 4... குதிரை இ4-ஐ வெட்டுங்கள், 5. குதிரை அதைத் திரும்ப வெட்டியதும் சிப்பாய் டி5. ஒரே சிப்பாய் பிஷப்பையும் குதிரையையும் சேர்த்துத் தாக்கும். கொடுத்த காய் திரும்பி வரும். 4. சிப்பாய் டி4 என்றால் இ5 சிப்பாயால் வெட்டுங்கள், 5. சிப்பாய் இ5 என்று குதிரையைத் தாக்கினால் ஓடாமல் 5... சிப்பாய் டி5 என்று பிஷப்பைத் திருப்பித் தாக்குங்கள். மூன்றாவது நகர்வில் பிஷப் பி5-க்குப் போனால் அது வேறு தொடக்கம். அதற்கு வேறு பாடம்.

படி 9: பயிற்சி

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். இடப்பக்கம் நகர்வை எழுதுங்கள். வலப்பக்கம் அது எதைத் தாக்குகிறது அல்லது எதைத் தடுக்கிறது என்று ஒரு வரி. ஒரு வரி எழுத முடியாத நகர்வை நீங்கள் இன்னும் கற்கவில்லை என்று பொருள். லிச்செஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் ஆடுவதும் ஆராய்வதும் இலவசம். அங்கே ஒரு நிலையை அமைத்துக்கொண்டு நண்பரோடு அங்கிருந்தே ஆடலாம். 7-ஆவது நகர்வுக்குப் பிந்தைய நிலையை வைத்து இரண்டு நிறங்களிலும் மாறி மாறி ஆடுங்கள். வெள்ளையில் ஆடினால்தான் ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்தும் எவ்வளவு நெருக்கடி என்பது உறைக்கும்.

கணினி எஞ்சினைக் கடைசியில் திறங்கள். அது சொல்லும் எண்ணைப் பார்த்துவிட்டுத் தன் மூளையை மூடிவிடும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன்.

படி 10: போட்டி அரங்கில்

உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ வருபவர்கள் முதல் சுற்றுக்கு முக்கால் மணி நேரம் முன்பே வந்துசேருமாறு கிளம்புங்கள். தாமதத்துக்கு எவ்வளவு சலுகை என்பதை அமைப்பாளர் முன்கூட்டியே அறிவிப்பார். அது தாண்டினால் ஆடாமலேயே தோல்வி. போட்டி சித்திரைத் திருவிழா நாட்களில் வந்தால் கோரிப்பாளையம், தல்லாகுளம் பக்கம் போக்குவரத்து மாற்றப்படும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் நடுவர் கடிகாரத்தை அழுத்தாமல் காத்திருக்க மாட்டார்.

தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். இந்தத் தொடக்கத்தில் இது உயிர்நாடி: ஐந்தாவது நகர்வில் பழக்கதோஷத்தில் எஃப்6 குதிரையைத் தொட்டுவிட்டால் அதைத்தான் ஆட வேண்டும், ஏ5 போச்சு. கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு யோசியுங்கள். காயைச் சரியாக நிறுத்திவைக்க வேண்டுமானால், உங்கள் முறையின்போது அட்ஜஸ்ட் என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். காஸ்லிங்கில் முதலில் ராஜா, பிறகு யானை, ஒரே கையால். காயை நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அழுத்த வேண்டும்.

விதிக்குப் புறம்பான நகர்வை ஆடிக் கடிகாரத்தையும் அழுத்திவிட்டால், முதல் முறை எதிரிக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். இரண்டாம் முறை தோல்வி. கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டத்தில் நகர்வுகளை ஸ்கோர் ஷீட்டில் எழுதுவது கட்டாயம்; நகர்த்திய பிறகுதான் எழுத வேண்டும், முன்கூட்டி அல்ல. கைப்பேசியை வெளியே பெற்றோரிடம் கொடுத்துவிடுங்கள்; பையில் அணைத்து வைக்கலாமா என்பதை நடுவரிடம் கேட்காமல் முடிவுசெய்யாதீர்கள்.

ஏழாவது நகர்வுவரை நீங்கள் அறிந்த பாதை என்பதால் வேகமாக ஆடத் தோன்றும். ஆடலாம், ஆனால் எதிரியின் ஒவ்வொரு நகர்வும் உண்மையிலேயே அந்தப் பாதையில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. மிச்சப்படுத்திய நேரத்தை எட்டாவது நகர்வில் செலவழியுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 18 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தரும் மதிப்பீடு 2300-க்குக் கீழ் உள்ளவரை, அதன் ஏற்ற இறக்கம் பெரியவர்களுடையதைவிட வேகமாக இருக்கும்படிதான் விதி வகுத்திருக்கிறார்கள். ஒரு போட்டியில் சரிந்தது அடுத்த போட்டியில் ஏறும். தோற்று வந்த பிள்ளையிடம் முதலில் சாப்பாட்டைக் கொடுங்கள். ஸ்கோர் ஷீட்டை மாலையில் பார்த்துக்கொள்ளலாம். அதில் பத்தாவது நகர்வில் ஒரு கோடு போட்டு, அதுவரை எந்தெந்தக் காய் எத்தனை முறை நகர்ந்தது என்று இரு பக்கமும் எண்ணச் சொல்லுங்கள். ஆட்டம் எங்கே திரும்பியது என்பதைப் பெரும்பாலும் அந்த எண்ணிக்கையே காட்டிக்கொடுத்துவிடும்.

இனி, நீங்கள் வெள்ளையில் உட்காரும் சுற்றில் என்ன செய்வது என்ற கேள்வி மிச்சம். எதிரியின் முந்தைய ஆட்டங்களைப் பார்த்து, ஏ5 நகர்வு தெரியாதவர் என்று உறுதியானால் குதிரையை ஜி5-க்கு அனுப்புங்கள். தெரிந்தவர் என்றால் நான்காவது நகர்வில் சிப்பாயை டி3-இல் வையுங்கள். அது மெதுவாக வேகும் ஆட்டம். நாற்பது நகர்வுக்குமேல் போகலாம். தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு உட்காருங்கள்.